ஏழரை மணிச் சங்கு

மூடிக் கிடக்கும் டீ பேக்டரிக்குள் போயிருக்கிறீர்களா? ஓடுகிற பேக்டரி என்றால் கோத்தகிரி ரோட்டில் பஸ் திரும்பும்போதே இலை வறுபடும் வாசம் மூக்கில் ஏறும். மூடிய பேக்டரியில் நனைந்த சாக்கு வாசம், துரு வாசம், எலிப் புழுக்கை வாசம்... காலேஜ் கடைசி வருஷத்தில் அந்த வாசத்துக்கு நடுவே நின்றுதான் என் முதல் படத்தை எடுத்தேன்.

முழுப் படம் இல்லை. ஒரு கிரைம் படத்தின் தொடக்கம், மூன்றே நிமிஷம், இளைஞர்களைப் பற்றி இருக்க வேண்டும் என்று எங்கள் வாத்தியார் சொல்லியிருந்தார். பச்சைத் தேயிலை விலை விழுந்து, பலர் இலை பறிப்பதையே விட்டிருந்த காலம் அது. வேலையில்லாத ஒரு பையன் மூடிய பேக்டரிக்குள் புகுந்து மோட்டாரைத் திருடுகிறான். சங்கு ஊதுகிறது, ஓடுகிறான். இதுதான் என் கதை. நான் குன்னூரில் ஒரு ஆபீஸ் கிளார்க்கின் மகன். மாசாமாசம் அப்பாவின் சம்பளம் வந்துகொண்டிருந்த வீட்டில் உட்கார்ந்து இதை எழுதினேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்பார்கள். எனக்கு அப்போது பெரிய டைரக்டர் என்ற நினைப்பு.

திருடனாக நடித்தவன் என் கிளாஸ்மேட் மணி. அந்த பேக்டரிக்கு மேலே இருந்த தொழிலாளர் லைன் வீட்டில்தான் அவன் வளர்ந்தான். அவன் அம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்தவர். மூடிய பிறகு, கிடைத்த நாளில் கேரட் காட்டுக்குக் கூலிக்குப் போனார். வாட்ச்மேன் பீட்டர் அண்ணனிடம் சொல்லி எங்களை உள்ளே விட வைத்ததும் மணிதான்.

ஒரு சனிக்கிழமை காலை. மணி சாக்கோடு உள்ளே காத்திருந்தான். நான் கூப்பிடும்வரை வெளியே வரக்கூடாது என்று சொல்லி வைத்திருந்தேன். சங்குச் சத்தத்தை எடிட்டிங்கில் சேர்ப்பதாகத்தான் பேச்சு. அப்போதுதான் வாசலில் கையால் சுற்றி ஊதுகிற ஒரு சைரன் சங்கைப் பார்த்தேன். கரண்ட் போகும் நாளுக்கென்று வைத்திருந்தது.

"அண்ணா, இதைய ஒரு சுத்து சுத்தறீங்களா?"

"ஊதி ஒன்றர வருசமாச்சுங்க தம்பி. ஊதலாமான்னு தெரியலீங்களே."

"ஒரே ஒருக்காதானுங்ண்ணா..."

கேமராவை ஓட விட்டேன், அவர் சுற்றினார். முதலில் கரகரத்தது, பிறகு மலை முழுக்கக் கேட்டது. அப்போது நேரம் காலை ஏழரை.

பறிக்காமல் விட்டதில் தேயிலைச் செடிகள் ஆள் உயரத்துக்கு வளர்ந்திருந்தன. அதற்குள்ளிருந்து ஒரு தலை தெரிந்தது. பிறகு நாலு. பிறகு எண்ண முடியவில்லை. செடி கிழிக்காமல் இருக்க இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டே பெண்கள் ஓடி வந்தார்கள். புது முதலாளி வருகிறார், பேக்டரி திறக்கப் போகிறது என்று அந்த வாரம் ஒரு பேச்சு இருந்ததாம். எனக்குத் தெரியாது. ஏழரைக்குச் சங்கு ஊதினால் வேலை என்று இருபது வருஷம் பழகிய கால்கள் அவை. எல்லோருக்கும் முன்னால் மணியின் அம்மா.

கேமராவை நிறுத்தியிருக்க வேண்டும். நான் நிறுத்தவில்லை.

வாசலில் மூச்சு வாங்க நின்று என்னைக் கேட்டார்.

"ஏங்கண்ணு, தொறந்துட்டாங்களா?"

பீட்டர் அண்ணன்தான் தலையைக் குனிந்துகொண்டு, "படம் புடிக்கறாங்கக்கா" என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

சத்தம் கேட்டு மணி அந்தத் திருட்டுச் சாக்கோடு வெளியே வந்தான். அம்மாவின் இடுப்பில் இருந்த படங்கைப் பார்த்தான். அவர் அதை அவிழ்த்து, மடித்து, இன்னும் சின்னதாக மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். "மழ வர்றாப்ல இருக்குது, வாங்க போலாம்" என்று மற்றவர்களையும் கூட்டிக்கொண்டு மேலே ஏறிவிட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸில் மணி ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அவங்க ஓடியாரத மட்டும் வெட்டிருடா. அதுல எங்கம்மா இருக்குது."

"செரிடா" என்றேன்.

வெட்டவில்லை. என் மூன்று நிமிஷத்தில் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். அதையே முதல் ஷாட்டாக வைத்தேன். கிளாஸில் படம் ஓடத் தொடங்கியதுமே மணி எழுந்து வெளியே போய்விட்டான். "இத்தனை துணை நடிகர்களை எங்கேப்பா பிடிச்சே?" என்று வாத்தியார் பாராட்டினார், எல்லோரும் கை தட்டினார்கள். அதற்குப் பிறகு மணி என்னோடு பேசவில்லை.

அடுத்த வருஷம் அந்த டேப்பின் மேலேயே ஒரு கல்யாணத்தை எடுத்தேன். வேறு காப்பி கிடையாது. செய்த தப்பை அழிக்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது டேப் வாங்கச் சோம்பல் என்பதும் உண்மை.

இப்போது அந்த பேக்டரி தங்கும் விடுதியாகிவிட்டது. போட்டோ எடுத்துக்கொள்ள வசதியாகச் செடிகளை அழகாக வெட்டி விட்டிருக்கிறார்கள். சங்கு பாலிஷ் போட்டு ரிசப்ஷனில் இருக்கிறது. போன மாசம் போனபோது ஒரு குழந்தை அதைச் சுற்றிக்கொண்டே இருந்தது. அதே சத்தம். யாரும் வரவில்லை. போட்டோ எடுத்துக் காலேஜ் குரூப்பில் போட்டேன்.

மறுநாள் மணி போன் செய்தான். அதே குரூப்பில் இருந்தும் எனக்கு ஒரு வார்த்தை எழுதாதவன். திருப்பூரில் இருக்கிறானாம்.

"அம்மா போயி பதினஞ்சு வருசமாச்சுடா. ரெண்டு போட்டோதான் இருக்குது. நடக்கறாப்ல, பேசறாப்ல ஒண்ணுமே இல்ல. அந்த ஷாட்டு வச்சிருக்கியா?"

அவர் இறந்ததே எனக்குத் தெரியாது. டேப்பை அழித்ததைச் சொன்னேன்.

"நா அதையப் பாக்கவே இல்லடா" என்றான். "அன்னிக்கு உள்ளாற நின்னுட்டிருந்தேன். கிளாஸ்லயும் எந்திரிச்சுப் போயிட்டேன். நீ பாத்தியல்ல... சொல்லு. எப்படி வந்துச்சு?"

சொன்னேன். நீல ஸ்வெட்டர், அவசரத்தில் பட்டன் மாற்றிப் போட்டது. ஒரு கையில் செருப்பு. செடிக்குள்ளிருந்து முதலில் முக்காடு தெரிந்தது, அப்புறம் முகம். வழுக்குகிற இடத்தில் பின்னால் வந்தவருக்குக் கை கொடுத்தது. பேக்டரி வாசலைப் பார்த்ததும் சிரித்தது.

"சிரிச்சுச்சா?"

"ஆமாடா. சிரிச்சுட்டேதான் வந்தாங்க."



"மொதல்ல இருந்து இன்னொருக்கா சொல்லுடா" என்றான்.