மேஸ்திரியின் எடை

தராசுக்காரருக்குப் பொய் சொல்கிறவர்களைக் கண்டால் ஆகாது. பொய் சொல்லும் தராசைக் கண்டாலோ அறவே ஆகாது. கடை கடையாகப் போய் மின்தராசுகளைச் சோதித்து, கோளாறு இருந்தால் சரிசெய்து தருவது அவர் பிழைப்பு. சோதனைக்கான எடைக்கற்களை மெத்தை வைத்த மரப்பெட்டியில் வைத்திருப்பார். கையுறை போடாமல் தொடமாட்டார். விரலில் இருக்கும் பிசுக்குகூட எடையில் ஏறிவிடுமாம். சொந்தப் பிள்ளையைக்கூட மனிதர் இவ்வளவு பதமாகத் தூக்கியிருக்கமாட்டார் என்று சொல்லலாம்தான், ஆனால் அவருக்குப் பிள்ளை இல்லை. இருப்பது நான்கு பூனைகள்.

அவையும் தூக்கிக் கொஞ்சுகிற ஜாதி இல்லை. ஒரு பழைய கிடங்கில் எலி பிடித்துத் தின்று வளர்ந்த காட்டுப் பிறவிகள். கிடங்கை இடிக்கப்போகிறார்கள் என்று தெரிந்ததும், தராசுக்காரர் ஒரு வாரம் வேலையைப் போட்டுவிட்டுக் கூண்டு வைத்துப் பிடித்தார். கால்நடை மருத்துவமனையில் குட்டி போடாமலிருக்க ஆபரேஷன் செய்து, அதற்கு அடையாளமாகக் காது நுனியைச் சற்று நறுக்கி, தடுப்பூசியும் போட்டுக் கொடுத்தார்கள். "வேற இடம் கிடைக்கிற வரைக்கும்தான்" என்று மனைவியிடம் சத்தியம் செய்து வீட்டின் பின்னறையில் விட்டார். நான்கு வருஷம் ஆயிற்று. அந்த வேறு இடத்தை அவர் தேடியதாக யாரும் பார்க்கவில்லை.

கையால் தொடவிடாத பூனைக்கு உடம்பு சரியில்லை என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அங்கேதான் தொழில் கைகொடுத்தது. யாரோ வேண்டாமென்று போட்ட குழந்தை எடைபார்க்கும் தராசு ஒன்றைப் பிரித்துச் சரிசெய்தார். தட்டைப் பின்னறையில் தரையோடு தரையாகப் பதித்து, அதன் ஓரத்தில் சாப்பாட்டுக் கிண்ணத்தை வைத்தார். எண் காட்டும் முகப்பை நீள ஒயரில் சமையலறை அலமாரிக்குக் கொண்டுவந்துவிட்டார். பூனை சாப்பிட ஏறி நிற்கும். அதற்குத் தெரியாமலே எடை சமையலறைக்கு வந்துவிடும். காலை எட்டு மணிக்கு அவர் மனைவி சாப்பாடு வைத்து, ஒவ்வொன்றின் எடையையும் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிய தாளில் எழுதிவைப்பாள். போன வருஷம் வெள்ளச்சி என்ற பூனைக்குச் சிறுநீரகம் கெட்டதை முதலில் சொன்னதே அந்தத் தாள்தான். சொல்லியும் காப்பாற்ற முடியவில்லை என்பது வேறு விஷயம். வெள்ளச்சி போனபோது ஐந்தாக இருந்தவை நான்காயின.

இப்போது நோயாளி மேஸ்திரி. நான்கில் மூத்தவன், அகன்ற தலை. மற்றவை சாப்பிட்டு முடிக்கும்வரை சுவரோரம் நின்று மேற்பார்வை பார்த்துவிட்டுத்தான் வந்து சாப்பிடுவான், அதனால் அந்தப் பெயர். ஈறெல்லாம் புண்ணாகி எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கறாராகச் சொல்லிவிட்டார்.

"பல்லெல்லாம் எடுத்தா சரியாயிடும். ஆனா வயசானவன், மயக்க மருந்து தாங்குவானான்னு யோசனையா இருக்கு. முதல்ல மருந்து கொடுத்துப் பார்ப்போம். மூணு கிலோவுக்குக் கீழ இறங்கினா மட்டும் ஒரு நாள்கூட தள்ளிப்போடாதீங்க. அதுக்கப்புறம் ஆபரேஷனைத் தாங்க உடம்புல தெம்பு இருக்காது."

அன்றைக்கு எடை மூன்று கிலோ நூற்றெண்பது கிராம்.

பார்த்து வைத்தாற்போல் அடுத்த நாளே தராசுகளுக்கு வருடாந்திர முத்திரை போடும் காலம் தொடங்கியது. இரண்டு வாரத்துக்கு ஞாயிறு கிடையாது, நேரத்துக்குச் சாப்பாடும் கிடையாது. விடிந்ததும் போகிறவர் விளக்கு வைத்தபின் வருவார். அந்த நேரத்தில் மேஸ்திரி அலமாரிக்கு அடியில் பதுங்கியிருப்பான். வால் நுனிகூடத் தெரியாது. தராசுக்காரர் தாளின் கடைசி எண்ணை மட்டும் ஒரு பார்வை பார்ப்பார். மூன்று கிலோவுக்கு மேலே. அப்பாடா என்று சாப்பிட உட்காருவார்.

பன்னிரண்டாம் நாள் வேலை மதியத்தோடு முடிந்தது. வீட்டுக்கு வந்து, தண்ணீர் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறக்கப் போனவர், பல நாளுக்குப் பிறகு நிதானமாக அந்தத் தாளை மேலிருந்து கீழே படித்தார். 3,165. 3,150. 3,172. 3,186. 3,193. இப்படியே ஏறிப் போய், இன்றைக்கு 3,208. தண்ணீரை மறந்து, கடைசி இலக்கங்களை மட்டும் விரல் வைத்து மறுபடி படித்தார். எடை ஏறியிருக்கிறதே, சந்தோஷப்பட வேண்டியதுதானே என்று நீங்களும் நானும் நினைப்போம். அந்தத் தராசு ஐந்து ஐந்து கிராமாகத்தான் தாவும் என்பது அவருக்குத் தெரியும். கடைசி இலக்கம் பூஜ்யமாக இருக்கும், இல்லாவிட்டால் ஐந்தாக இருக்கும். ஆறும் எட்டும் காட்ட அதற்கு வழியே இல்லை.

மனிதர் முதலில் சந்தேகப்பட்டது தராசைத்தான். கையுறையை மாட்டிக்கொண்டு, எடைக்கல் பெட்டியைத் திறந்து, ஒரு கிலோ, இரண்டு கிலோ என்று வைத்துப் பார்த்தார். தராசு சொக்கத்தங்கம். அதற்குப் பிறகுதான் திரும்பி மனைவியைப் பார்த்தார். அவள் வாசற்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நிஜமா எவ்வளவு?"

"இன்னிக்குக் காலையில ரெண்டு எழுநூறு."

தராசுக்காரர் கத்தினார். இருபத்தாறு வருஷத்தில் அப்படிக் கத்தியதில்லை. பக்கத்து வீட்டு ஜன்னல் ஒன்று திறந்து மூடியது. "கொன்னுட்டியே! பொய் எழுத வேற இடமே கிடைக்கலையா உனக்கு? நாளைக்கு அது செத்துப்போனா என்ன நம்பர் எழுதுவ?"

அவள் அழவில்லை. அதுதான் அவரை இன்னும் எரிச்சலூட்டியது. "கத்துறதை அப்புறம் வச்சுக்கலாம். டாக்டரம்மாவுக்கு போன் பண்ணுங்க, நான் கூண்டை எடுக்கிறேன்" என்றாள்.

உடனே கொண்டுவரச் சொன்னார்கள். சொல்வது சுலபம். கூண்டுக்குள் சாப்பாட்டை வைத்தால்தான் காட்டுப் பூனை உள்ளே போகும். சாப்பாட்டையே வெறுத்துவிட்ட பூனையை எதைக் காட்டி அழைப்பது? தராசுக்காரர் அலமாரி முன் குப்புறப் படுத்து, அவனுக்குப் பிடித்த மீனைக் காட்டினார், கெஞ்சினார், கடைசியில் திட்டவும் செய்தார். உள்ளேயிருந்து இரண்டு கண்கள் அசையாமல் பார்த்தன.

"நகருங்க."

மனைவி ஒரு சின்னக் கிண்ணத்தோடு வந்தாள். மீனை வேகவைத்து, முள் எடுத்து, தண்ணீர் விட்டு அரைத்த கூழ். கூண்டின் பின்பக்கம் தரையில் படுத்துக்கொண்டு, கம்பி வழியே முழங்கைவரை கையை உள்ளே விட்டு, கரண்டியை நீட்டினாள். "வாடா ராசா. நம்ம நேரம் வந்துடுச்சு பாரு, வாடா" என்றாள். அந்தக் குரலை அவர் கேட்டதே இல்லை.

மேஸ்திரி வெளியே வந்தான். எலும்பும் தோலுமாக, நடக்கும்போதே பின்னங்கால் ஆடியது. தராசுக்காரரை ஒரு பொருட்டாகவே நினைக்காமல் தாண்டி, கூண்டுக்குள் போய்க் கரண்டியை நக்கினான். ஒவ்வொருமுறை நக்கியதும் வலியில் தலையை உதறிக்கொண்டு, திரும்பவும் நக்கினான். கூண்டுக் கதவின் கயிற்றை இழுக்க வேண்டிய தராசுக்காரர் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "இழுங்க!" என்று அவள் அதட்டிய பிறகுதான் கதவு விழுந்தது. பயந்துபோன பூனை அவள் கையைப் பிறாண்டிவிட்டது. அவள் கரண்டியை விடவில்லை.

மருத்துவமனைத் தராசு 2,690 என்றது. டாக்டரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "இன்னிக்கே செய்யணும். நல்லபடியா முடியும்னு வாக்கு கொடுக்க முடியாது" என்று சொல்லி உள்ளே போய்விட்டார்.

வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகள். ஒரு மூலையில் யாருடைய கிளியோ கூண்டில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. தராசுக்காரருக்குக் கோபம் வடிந்து, அந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்திருந்தது. மனைவியின் கைக்கு நர்ஸ் மருந்து போட்டு, ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளச் சொல்லிவிட்டுப் போனார்.

"தினமும் ஊட்டினியா?"

"காலையில ஒரு மணி நேரம், மதியம் ஒரு மணி நேரம். முதல் நாலு நாள் கிட்டவே விடல. அப்புறம் விட்டான்."

"அப்புறம் ஏன் பொய் எழுதின?"

அவள் கிளியைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "வெள்ளச்சி செத்தப்ப நீங்க ஒன்பது நாள் சரியா சாப்பிடல. சர்க்கரை மாத்திரையை மட்டும் முழுங்கிட்டு, பேக்கரி படியில மயங்கி விழுந்தீங்க. கடைக்காரர் எனக்கு போன் பண்ணப்ப என் உசுரு என்கிட்ட இல்ல. இந்தத் தடவை முதல் ரெண்டு நாளும் எடை குறைஞ்சுது. அதைப் பார்த்துட்டு சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வச்சுட்டுப் போயிட்டீங்க. நீங்க கவனிக்கல, நான் கவனிச்சேன். எப்படியும் ஊட்டி ஊட்டி நான் எழுதின எடைக்குக் கொண்டுவந்துடலாம்னு நினைச்சேன். முடியல. தப்புதான்."

ஊரில் உள்ள தராசையெல்லாம் சரிபார்க்கிறவர், தன் தட்டில் எவ்வளவு மிச்சம் வைக்கிறோம் என்று ஒருத்தி பார்த்துக்கொண்டிருப்பதை இத்தனை வருஷமும் பார்க்கவில்லை. கோபம் முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமுடியாது. அதைவிடப் பெரிதாக வேறொன்று நெஞ்சில் நிறைந்திருந்தது. இப்படி ஒரு மனுஷி வாய்த்ததற்குத் தான் என்ன செய்தோம் என்று அவருக்குத் தெரியவில்லை.

"ரொம்ப நன்றிம்மா" என்றார்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "என்னங்க இது, யாரோ மூணாம் மனுஷிகிட்ட சொல்ற மாதிரி! நன்றியெல்லாம் நீங்களே வச்சுக்கோங்க. எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும். உள்ள என்ன ஆனாலும் நீங்க சாப்பிடணும்."

"சரி."

"இப்பவே சாப்பிடணும். மணி நாலாச்சு, மதியமும் சாப்பிடல நீங்க." கூண்டைத் தூக்கிக்கொண்டு ஓடிய அந்த அவசரத்திலும் ஒரு சாப்பாட்டு டப்பாவைப் பைக்குள் போட்டு எடுத்து வந்திருந்தாள்.

மூடிய கதவை அவர் பார்த்தார். உள்ளே இருப்பது உயிரா உடலா என்று தெரியாத நேரத்தில் எப்படிச் சாப்பாடு இறங்கும்? முதல் கவளம் தொண்டையிலேயே நின்றது. தண்ணீர் குடித்துத் தள்ளினார். இரண்டாவது, மூன்றாவது. கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து மீசையில் இறங்கியது; துடைத்துக்கொண்டு மென்றார். அவள் டப்பாவை அவர் மடியில் சாயாமல் பிடித்துக்கொண்டாள்.

கடைசிக் கவளத்தை வாயில் போட்டபோது கதவு திறந்தது. டாக்டரம்மா முகமூடியைக் கீழே இறக்கினார்.

"கண்ணு முழிச்சுட்டான். பல்லு ஒண்ணுகூட இல்ல, ஆனா ரோஷம் அப்படியே இருக்கு, என் உதவியாளரைப் பார்த்துச் சீறுறான். இந்தப் புண்ணை வச்சுக்கிட்டு அவனா சாப்பிட்டிருக்க வாய்ப்பே இல்ல. யாரோ விடாம ஊட்டியிருக்கீங்க. இல்லேன்னா போன வாரமே போயிருப்பான். யாரு ஊட்டினது?"

தராசுக்காரரின் மனைவி, குற்றவாளிக் கூண்டில் நிற்பவளைப் போல் தலையைக் குனிந்துகொண்டாள். அவர் வாய் நிறைய சாப்பாடு, பேச முடியவில்லை. ஒரு கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, இன்னொரு கையால் அவளைக் காட்டினார்.