தேடி வந்த ஹெலி

நான் போருக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவன். பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் ஓர் உணவகத்தில் சமைக்கிறேன். ஒரு கோடை விடுமுறையில், பக்கத்துக் கடைக்கார ரவி அண்ணையோடு அல்ப்ஸ் மலைக்குப் போனேன். விடியவே தொடங்கி, மாடுகள் மேயும் புல்வெளிகளையும் இரண்டு சிகரங்களையும் சுற்றி, மாலையில் தொடங்கிய இடத்துக்கே திரும்பும் பாதை.

இரண்டாவது சிகரத்திலிருந்து இறங்கும்போது அண்ணை சறுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டார். மீட்புக் குழுவை அழைத்தேன். முகில் மூடிவிட்டால் ஹெலிகொப்டர் வர முடியாது என்றார்கள். முகிலோ இறங்கிக்கொண்டிருந்தது.

ஹெலியின் சத்தம் கேட்டது. அடுத்த கணம் நான் பாறையோரம் குப்புறக் கிடந்தேன். அண்ணையின் சிவப்பு ஜாக்கெட்டையும் என் உடம்பால் மூடியிருந்தேன். வன்னியில் அந்தச் சத்தத்துக்குப் படுத்தவர்கள்தான் தப்பினோம். ஹெலி எங்களைத் தாண்டிப் போய்விட்டது.

"தம்பி, அது எங்களைத் தேடியெல்லோ வந்தது! எழும்பிக் கையைக் காட்டு!" என்று அண்ணை வலியோடு கத்தினார்.

"ஓம் அண்ணை" என்றேன். ஆனால் உடம்பு எழும்பவில்லை. ஹெலி திரும்பி வந்தபோது, அவர் என் தோளைப் பிடித்துத் தள்ளிய பிறகுதான் எழுந்து இரண்டு கைகளையும் உயர்த்தினேன்.

இப்போதும் மலைக்குப் போகிறேன். புறப்படுமுன் கூட வருபவரிடம் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன்: "ஹெலி வந்தால் நான் படுத்திடுவன். என்னைப் பிடிச்சு எழுப்பி விடுங்கோ."