செவலைக்கு முளைக்காத புல்

மழை விட்டதும் எங்கள் நிலத்தில் வெறுங்காலை வைத்தால் உள்ளங்காலில் சுருக்கென்று கல் குத்தும். எல்லோரும் கொண்டாடுகிற மண்வாசனைகூட அங்கே வராது, துருப்பிடித்த தகரம் நனைந்த மாதிரி ஒரு வாடைதான் வரும். நான் ஐந்தாவது படித்த அந்த ஐப்பசியில், மண்ணூருக்குப் பக்கத்தில் இருந்த அந்தத் துண்டு நிலத்தில் புல் தலைகாட்டுகிறதா என்று தினமும் குனிந்து குனிந்து பார்ப்பதுதான் எனக்கு வேலை.

அதற்கு முந்தைய கோடையில் லாரிக்காரர்கள் வந்திருந்தார்கள். ஒரகடத்துப் பக்கம் புதிதாக எழும்பிய கம்பெனியின் தோட்டத்துக்கு நல்ல மண் வேண்டுமாம். மேல்மண்ணை வழித்துக்கொண்டு, மேடுபள்ளத்தை மட்டமாக்கித் தருகிறோம் என்றார்கள். பயிர் வைப்பதை நிறுத்தி, மாடு மட்டும் மேய்கிற நிலம்தானே என்று அப்பா தலையாட்டிவிட்டார். "அடியிலயும் மண்ணுதானே கீது? ஒரு மழ பேஞ்சா புல்லு தானா வந்துடும்" என்றார். ஊரில் யாரைக் கேட்டிருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பார்கள். யாரும் விதைக்காமல் வருகிற புல்லுக்கும் ஒரு மண் வேண்டும் என்று யாருக்குத் தோன்றியது? கருகருவென்றிருந்த வண்டல் போனதும் அடியில் வெறும் சிவப்புச் சரளை.

மழை என்னவோ நன்றாகத்தான் பெய்தது. பக்கத்து நிலத்தை யாரோ வாங்கிக் கம்பிவேலி போட்டிருந்தார்கள். மண் எடுக்காத அந்த நிலத்தில் அருகம்புல் கணுக்கணுவாக ஓடி, தின்ன வாயில்லாமல் கொழுத்துக் கிடந்தது. எங்கள் பக்கம் தண்ணீர் தங்காமல் வழிந்துபோய், மறுநாள் வெயிலுக்கே தரை இறுகிவிடும். அங்கங்கே "தொடப்பப்புல்லு" மட்டும் விறைப்பாக நிற்கும். எங்கள் பசு செவலை அதை முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அப்போதுதான் கன்று போட்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் நெல் வைப்பாரும் இல்லை, வைக்கோலும் இல்லை. மடி வற்றிவிட்டது. கன்று முட்டி முட்டிப் பார்த்துவிட்டு வந்து என் பாவாடை நுனியையும் விரல்களையும் சப்பும். ஐயோ, அந்த வாயின் சூடு இன்னும் என் கையில் இருக்கிறது.

"கல்லுல எப்டியா புல்லு வரும்? வாயில்லாத ஜீவனப் பட்டினி போட்டுட்டியே, நல்லா இருப்பியா நீ?" என்று அம்மா அப்பாவிடம் கத்தினாள். கத்திவிட்டு, கூடையை எடுத்துக்கொண்டு ஏரிக்குப் போனாள். அவள் கூடையிலும் நான் ஓட்டை பேசினிலுமாக வண்டலைச் சுமந்துவந்து, நிலத்தின் ஒரு மூலையில் பரப்பி, வேலிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த அருகைக் கிள்ளி நட்டோம். என்ன ஆச்சரியம், பிடித்துக்கொண்டது! ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை. சரளைக்குத் தாண்டிய கொடி மட்டும் நுனி கருகியது. "இன்னும் கொஞ்சம் வேரு புடிக்கட்டும்டி, மாட்ட வுட்டுடாத" என்று அம்மா காவல் இருந்தாள்.

அது வேர் பிடிப்பதற்குள் கன்று ஒரு காலை எழுந்திருக்கவில்லை. அம்மா அழவில்லை, போய் செவலையை அவிழ்த்துவிட்டாள். அது நாலு வாயில் அத்தனையையும் வேரோடு பிடுங்கித் தின்றுவிட்டு, கன்று கிடந்த பக்கம் திரும்பி "அம்மா" என்று கத்தியது. அந்த வாரமே அதை விலைக்கு வாங்கி, வாலாஜாபாத் பக்கம், வைக்கோல் இருக்கிற ஒரு வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது அம்மா அதே கம்பெனித் தோட்டத்தில் கான்ட்ராக்ட் வேலை பார்க்கிறாள். எங்கிருந்தோ சுருட்டிக்கொண்டு வந்த புல்லைத்தான் அங்கே விரித்திருக்கிறார்கள். ஆனால் ஒவ்வொரு மழைக்கும் அதைக் கிழித்துக்கொண்டு எங்கள் அருகு எழுந்துவிடுகிறது. "அக்கா, இந்தக் களைய ஒண்ணு விடாம பிடுங்கிருங்க" என்கிறார் தெற்கத்திச் சூப்பர்வைசர். நேற்று மாலை ஷிப்ட் முடிந்து நான் வீட்டுக்கு வந்தபோது, அம்மா ஒரு கட்டு அருகைக் கையில் வைத்துக்கொண்டு வாசல் சரளையில் நின்றிருந்தாள்.

"பழக்கத்துல எடுத்துனு வந்துட்டேன்டி" என்றாள். "இத யாருக்குடி போடுறது?"