ஆறாம் வகுப்பில் போட்ட காய்கறிக் கடை

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஆனால் வேலைக்குச் சேர்ந்த அந்த முதல் மூன்று வாரமும் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தேன். திருப்பதியில் டிரெயினிங் முடித்து, புத்தூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியையாகச் சேர்ந்திருந்தேன். சித்தூரிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்து பார்த்து எழுதுவதைப் பொறுத்துத்தான் வேலை நிலைக்கும். போய்விட்டால் சென்னையில் அண்ணன் வீட்டுப் பின்னறைதான் கதி. அண்ணியின் முகத்தைப் பார்த்துப் பார்த்துச் சாப்பிட வேண்டும்.

ஆந்திரா தனி மாநிலமாகி, எந்த ஊர் எந்தப் பக்கம் என்று இன்னும் முடிவாகாத காலம். பெரியவர்கள் காபி கிளப்பில் போட்ட சண்டையைப் பிள்ளைகள் வகுப்புக்குள் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நான் தமிழில் விளக்கினால் தெலுங்குப் பிள்ளைகள் முறைப்பார்கள். தெலுங்கில் விளக்கினால் தமிழ்ப் பிள்ளைகள். இரண்டு சனியனும் வேண்டாம் என்று ஆங்கிலத்திலேயே கடை போட்டேன். அவரவர் வீட்டிலிருந்து கொண்டுவந்த காய்கறிகளைப் பெஞ்சில் பரப்பி, கோலாட்டக் குச்சிகளைத் தட்டி, “வாட் டூ யூ வாண்ட்?” என்று கடைக்காரர்கள் பாடுவார்கள். “பிரிஞ்சால், பிரிஞ்சால், ஹவ் மச்?” என்று வாங்க வந்தவர்கள் பாடுவார்கள். ஆங்கிலத்தில் இரண்டு கட்சியும் சமமாகத் திணறியதால் சண்டை நின்றது.

ஹெட்மாஸ்டருக்குத்தான் பொறுக்கவில்லை. “இன்னாம்மா இது, இஸ்கூலா, சந்தையா? மேல ஆபீசுக்கு எய்திப் போட்டுட்டேன். இன்ஸ்பெக்டரே வந்து பாக்கட்டும்,” என்றார்.

இன்ஸ்பெக்டர் வந்தார். தெலுங்குக்காரர். சிரிப்பே இல்லாத முகம். நாற்காலியில் உட்கார்ந்து, “கானிவ்வண்டி,” என்றார். நடத்துங்கள் என்று அர்த்தம். பிள்ளைகள் ஆரம்பித்தார்கள். பாதிப் பாட்டில் அவரே எழுந்துபோய்க் கடை முன்னால் நின்று, ஆங்கிலத்தில் கத்தரிக்காய் கேட்டார். கடையில் இருந்தவள் வாரச் சந்தையில் அம்மாவோடு காய் விற்கிற தமிழ்ப் பெண். பயப்படாமல் விலை சொன்னாள், காயைக் கொடுத்தாள், “தேங்க் யூ சார்,” என்றும் பாடி முடித்தாள்.

மனுஷர் நகரவில்லை. நீட்டிய கையை மடக்காமல் நின்றார். நான் சொல்லிக்கொடுத்த பாட்டில் அதற்கு மேல் ஒரு வரியும் கிடையாது. ஹெட்மாஸ்டர் தொண்டையைக் கனைத்தார். தொலைந்தோம் என்று நினைத்தேன்.

அந்தப் பெண் ஒரு கணம் அவர் கையைப் பார்த்தாள். பிறகு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை ஒடித்து அதில் வைத்தாள். “டீச்சர், அவுரு கொசுறுக்கு நின்னுக்கினு கீறாரு,” என்றாள் என்னிடம்.

அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். “இது யார் சொல்லிக் குடுத்தது?” என்று தமிழிலேயே கேட்டார்.

“எங்க அம்மா.”

என் பேரைச் சொல்லித் தொலைத்தால் என்னவாம் என்று எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அவரோ கறிவேப்பிலையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு ஹெட்மாஸ்டர் பக்கம் திரும்பினார். “கடை நல்லா நடக்குது. இந்த டீச்சரே நடத்தட்டும்,” என்றார். அதையே நோட்டிலும் எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்பாடா என்று இருந்தது. மூன்று வாரமாகத் தொண்டையில் இறங்காத சோறு அன்றைக்கு இரண்டு தட்டு இறங்கியது. சாப்பிட்ட கையோடு அண்ணனுக்கு ஒரு கார்டு எழுதினேன்: பின்னறையை வாடகைக்கு விட்டுவிடு, நான் வரவில்லை.