எட்டாவது ஆள்

பெங்களூருக்கு ஆறு கிடையாது. சாயங்காலம் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நடக்க வேண்டுமென்றால் ஏரிதான். எங்கள் சந்திலிருந்து ஏரி வாசலுக்கு ஐந்து நிமிடம். அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தபிறகு அதுவே இருபது நிமிடம் ஆனது.

அப்பா முப்பது வருடம் ஆட்டோ ஓட்டினவர். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பிசியோ பெண் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: இந்த ஆறு மாதம் தினமும் நடந்தால் கால் திரும்பும், விட்டுவிட்டால் கட்டில்தான். நான் தொம்மலூரில் ஓர் அலுவலகத்தில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். ஷிப்ட் முடிந்து வந்ததும் அவரைக் கூட்டிக்கொண்டு ஏரிக்குப் போவேன்.

ஏரி ஓரமாக இடுப்பளவுக்குக் கம்பி வேலி. அப்பாவால் இடது கையால்தான் பிடிக்க முடியும். வேலி இடது பக்கம் இருக்க வேண்டுமென்றால் ஏரியை இடமாகச் சுற்ற வேண்டும். அங்கே வாக்கிங் போகிறவர்கள் எல்லோரும் கோயிலைச் சுற்றுகிற மாதிரி வலமாகச் சுற்றுவார்கள். சட்டம் ஒன்றும் இல்லை. ஏரிக்கு எதிரே அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிற ஒரு ரிட்டயர்டு ஆபீசர் உண்டாக்கின பழக்கம். வெள்ளை ஷூ, கழுத்தில் விசில். நம்ம ஆள்தான், தமிழ்தான். ஆனால் எங்களை மாதிரி ஆட்களிடம் மட்டும்தான் தமிழில் பேசுவார், அதுவும் திட்டுவதற்கு.

ஒருநாள் அப்பாவுக்கு நேர் எதிரே வந்து, முகத்துக்கு ஒரு முழம் தள்ளி நின்று, விசில் ஊதினார். அப்பா திடுக்கிட்டுக் கம்பியை விட்டார். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். வேட்டி நனைந்துவிட்டது. சுற்றிலும் இருபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"முடியாதவங்கள எல்லாம் எதுக்கும்மா இங்க கூட்டிட்டு வர்றீங்க? வீட்ல வைங்க" என்றார் அந்த மனிதர்.

நான் அப்பாவைத் தூக்குவதில் இருந்தேன். பதில் சொல்லவில்லை. சொல்லாததற்காக இன்றைக்கும் என்னை நானே திட்டிக்கொள்கிறேன்.

அன்றோடு அப்பா வெளியே வருவதை நிறுத்தினார். கெஞ்சினேன், கத்தினேன். சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். மூன்று வாரத்தில் கால் மறுபடி மரக்கட்டை மாதிரி ஆனது. பிசியோ பெண் உதட்டைப் பிதுக்கினாள். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன், அந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று. மன்னிக்கிற பெரிய மனசு எனக்குக் கிடையாது. வேண்டவும் வேண்டாம்.

அவருடைய பழக்கங்களைக் கவனித்தேன். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீட்டுக்கு வந்த விருந்தாளிகளை மோட்டார் போட்டில் ஏற்றுவார். கடைசி ட்ரிப், சூரியன் இறங்குகிற நேரம். நடு ஏரியில் போட்டோ. அந்த போட்டில் எட்டு சீட். எட்டும் நிரம்பினால்தான் போட்டைக் கிளப்புவார்கள்.

எங்கள் சந்துப் பெண்களிடம் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு ஏழு பேர் போய் முன்னாலேயே டிக்கெட் வாங்கி, லைஃப் ஜாக்கெட் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தோம். அவர் ஐந்து பேரோடு வந்து நின்றார்.

"இதென்ன கூட்டம்? இறங்கச் சொல்லுப்பா. எங்க கெஸ்ட் இருக்காங்க."

"அவங்க ஃபர்ஸ்ட் வந்தாங்க சார்" என்றான் போட்காரன். "ஒரு சீட் காலி. உங்கள்ல ஒருத்தர் ஏறுங்க, எடுத்துடுறேன்."

"இவங்களோடயா?"

இட்லிக் கடை அக்கா சும்மா இருப்பாளா? "ஏன் சார், எங்க மேல ஏதாவது ஒட்டிக்கிட்டு இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க, துடைச்சிக்கிறோம்."

அவர் ஆளை அனுப்பவில்லை. நாங்கள் இறங்கவில்லை. வேறு யாரும் வரவில்லை. வெளிச்சம் போய்விட்டது, போட்காரன் என்ஜினுக்கு மூடி போட்டுவிட்டான். இரண்டு பக்கமும் தோல்வி. எனக்கு அது போதவில்லை.

வீட்டுக்கு வந்து பக்கத்து வீட்டுக்காரியிடம் பொருமிக்கொண்டிருந்தேன். கட்டிலிலிருந்து அப்பாவின் குரல். பல நாளுக்குப் பிறகு அவராக வாய் திறந்தது அப்போதுதான்.

"எத்தன பேரு குறைஞ்சுது?"

"ஒருத்தர்ப்பா."

அவ்வளவுதான். திரும்பிப் படுத்துக்கொண்டார். மறுநாள் நான் வேலையிலிருந்து வந்தபோது சுவரைப் பிடித்துக்கொண்டு சந்தில் நின்றார். "ஞாயித்துக்கெழம அவன் எதிர்ல தடுமாறக் கூடாது" என்றார். அந்த வாரம் முழுக்க சந்தில் சுவரைத் தடவியபடி நடந்தார். வியர்த்துக் கொட்டியது. வேண்டாம் என்று நான் சொல்லவில்லை.

ஞாயிறு. ஏரி வாசலிலிருந்து படகுத்துறை வரைக்கும் அப்பா கம்பியைப் பிடித்து நடந்தார். அந்த ஆள் அங்கேதான் இருந்தார், விசிலும் இருந்தது. ஊதவில்லை. போட்காரன் கைகொடுத்து ஏற்றி, ஜாக்கெட்டின் பட்டையைப் பூட்டினான்.

அந்த ஆள் குரலை இறக்கிக்கொண்டு கிட்டே வந்தார். "பெரியவரே, அமெரிக்காவிலேருந்து பேரப்பிள்ளை வந்திருக்கு. நாளைக்குக் கிளம்புது. கொஞ்சம் இறங்கி வழிவிட்டீங்கன்னா..."

அப்பா நிதானமாக அவரைப் பார்த்தார். "முடியாதவன் சார். ஒருவாட்டி உக்காந்துட்டா எழுந்திருக்க வராது."

நாங்கள் எட்டு பேரும் இருக்க போட் கிளம்பியது. அந்தக் குழந்தை அழுவது கேட்டது. குழந்தை மேல் எனக்குக் கோபம் இல்லை. எழுந்து இடம் கொடுக்கவும் தோன்றவில்லை. தண்ணீரில் பாசி நாற்றம் அடித்தது. அன்றைக்கு அது எனக்கு மல்லிகைப்பூ. கரையில் அந்த ஆள் சின்னதாகிக்கொண்டே போனதைக் கடைசி வரைக்கும் திரும்பி உட்கார்ந்து பார்த்தேன்.

நான்கு ஞாயிறு அப்படியே செய்தோம். ஐந்தாவது ஞாயிறு அவர் வரவில்லை. மற்ற நாள் சாயங்காலங்களிலும் காணோம். சந்தில் எல்லோரும் ஜெயித்துவிட்டோம் என்றார்கள். நானும் கேசரி கிண்டினேன்.

அப்பா கேசரியைத் தொடவில்லை. "அவன் இல்லாத எடத்துல எனக்கென்ன வேலை?" என்றார். மறுநாள் கூப்பிட்டேன், வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. வியாழக்கிழமை கழிவறைக்குப் போவதற்கே என்னைக் கூப்பிட்டார். அந்த ஆளை நானே விரட்டிவிட்டேன். அவரோடு அப்பாவின் காலையும் சேர்த்து விரட்டிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை விடிகாலை தனியாக ஏரிக்குப் போனேன். அந்த ஆள் எங்கே என்று வாசல் வாட்ச்மேனைக் கேட்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. அதே வெள்ளை ஷூ, வேகமாக, வலமாக. எங்களுக்குப் பயந்து காலைக்கு மாறியிருக்கிறார். ஒரு ஆளைப் பார்த்து நான் இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை. ஓடி வந்து அப்பாவை உலுக்கினேன்.

"ப்பா, அவன் காலைல வர்றான்ப்பா."

கண்ணைத் திறந்தார். "எத்தன மணிக்கு?"

இப்போது எனக்கு ஷிப்ட் பதினோரு மணிக்கு. கேட்டு மாற்றிக்கொண்டேன். தினமும் காலையில் அப்பா ஸ்வெட்டரும் குல்லாவும் போட்டுக்கொண்டு நடக்கிறார். ஒரு சுற்றுக்கு இரண்டு தடவையாவது அந்த ஆள் எதிரே வந்தாக வேண்டும். வரும்போது எங்களைப் பார்க்காமல் தண்ணீரைப் பார்க்கிறார். அப்பா பார்வையை எடுப்பதே இல்லை. போன வாரம் அவர் இருமிக்கொண்டு வந்தார். எனக்குத் திக்கென்றது. குளிர் காலம், மஃப்ளர் கூடக் கட்டாமல் வருகிறார், முட்டாள்.

மூச்சு வாங்கினால் அப்பா கம்பியைப் பிடித்தபடி நிற்பார். "உக்காருப்பா" என்று பெஞ்சைக் காட்டுவேன்.

"இருடி, அவன் வளைவுல வந்துட்டான்" என்பார். "போனப்புறம் உக்காரலாம்."