வேர்க்கிற சோப்புக்கு ஒரு மிஷின்

சோப்புத் தொழிற்சாலையில் சாமான் வாங்கும் பொறுப்பில் இருந்த அந்த அம்மாளுக்கு, விற்க வருகிறவர்கள் வைத்த பெயர் ‘அப்புறம் மேடம்’. யார் எதைக் கொண்டு வந்து நீட்டினாலும் “அப்புறம் பார்க்கலாம்” என்பார். அதற்காக அவரை யாரும் வெறுத்ததில்லை. அவர் அறைக்கு வெளியே ஒரு நீள பெஞ்சு கிடந்தது. அதில் காத்திருந்தே ஒருவருக்குத் தலை நரைத்தது. இன்னொருவர் உட்காரும்போது புது மாப்பிள்ளையாக உட்கார்ந்து, எழுந்திருக்கும்போது தாத்தாவாக எழுந்தார். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம்.

மேடத்துக்கு உலகமே அந்த பெஞ்சு வழியாகத்தான் வந்தது. எந்த மிஷின் புதிதாக வந்திருக்கிறது, எது ஆறே மாதத்தில் மக்கர் பண்ணும், எந்த கம்பெனி பழுது பார்க்க ஆள் அனுப்பாமல் கையை விரிக்கும், எல்லாம் அவர்கள் பையிலிருந்தும் வாயிலிருந்தும் கிடைத்தது. ஒருவர் அவிழ்த்துவிட்ட பொய்யை அடுத்தவர் வந்து உடைப்பார். மேடம் இருவருக்கும் டீ வரவழைத்துக் கொடுத்து, நடுவில் சாவகாசமாக உண்மையைப் பிழிந்து எடுத்துவிடுவார்.

பிறகு இன்டர்நெட் வந்தது. பெஞ்சு காலியாயிற்று. வாட்ச்மேன் அதில் குடையைக் காயப் போட ஆரம்பித்தார்.

சோப்பைக் காகிதத்தில் சுற்றுகிற பழைய மிஷின் உயிரை விட்டது அந்தக் காலியான நாட்களில்தான். முதலாளி மேடத்தைக் கூப்பிட்டார்.

“புதுசு ஒண்ணு பாருங்க. ஆனா ஒண்ணு, தப்பான மிஷின் வந்துச்சுன்னா இன்னொண்ணு வாங்க மாட்டேன். பேக்கிங்கை அப்படியே வெளியில கான்ட்ராக்டுக்கு விட்டுடுவேன்.”

பேக்கிங் பிரிவில் இருந்த பெண்கள் அத்தனை பேர் பிழைப்பும் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. அந்தப் பெண்களுக்கு சூப்பர்வைசர் வேறு யாருமில்லை, மேடத்தின் சொந்த நாத்தனார். ஆகவே ஆபீசில் முடிந்த பேச்சு வீட்டில் மறுபடி தொடங்கியது.

“அண்ணி, எங்க எல்லாரோட சோறும் இப்ப உங்க மவுஸ்ல இருக்கு. பார்த்து அமுக்குங்க.”

“நீ வேற பயமுறுத்தாதேம்மா தாயே.”

மேடம் முதலில் பழைய வழக்கப்படி போனை எடுத்தார். பாதி எண்களில் பதிவு செய்த குரல் ஒன்றை அமுக்கு, இரண்டை அமுக்கு என்றது. பெஞ்சில் தலை நரைத்தவர் மட்டும் எடுத்தார்.

“மேடம், எல்லாம் எங்க வெப்சைட்ல இருக்கு. முடிவு பண்ணிட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க, ஓடி வந்துடறேன்.”

“முடிவு பண்றதுக்குத்தானய்யா உங்களைக் கூப்பிடறேன்!”

“இப்பல்லாம் யாரும் அப்படிக் கூப்பிடறதில்லை மேடம்” என்றார் அவர், கொஞ்சம் ஏக்கமாகவே.

சரியென்று மேடம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார். அங்கே வீடியோ வீடியோவாக மிஷின்கள் நகைக்கடை போல மின்னின. எல்லாவற்றுக்கும் ஐந்து நட்சத்திரம். போதாததற்கு முதலாளி இதற்கென்றே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கிவிட்டார். கணக்காளர் மலிவான மிஷினாகப் பார்த்து அனுப்பினார். ஃபிட்டர் யானை போன்ற மிஷினாக அனுப்பினார். முதலாளியின் மகன் பார்க்க அழகான மிஷினாக அனுப்பினான். முன்பெல்லாம் மேடம் ஒருத்தி சொன்னால் மிஷின் வரும். இப்போது ஒரு மிஷினுக்குக் கையெழுத்துப் போட ஒரு சபையே கூடியது. ஆனால் தப்பானால் திட்டு வாங்க மட்டும் மேடம் ஒருத்திதான்.

இதில் யாருக்கும் புரியாத சங்கடம் ஒன்று இருந்தது. அவர்களுடைய சோப்பு வேர்க்கும். கிளிசரின் தாராளமாகச் சேர்ப்பதால், வெட்டிய புதிதில் நெற்றி போல முத்து முத்தாக நீர் கோத்துக்கொள்ளும். காகிதம் அதில் ஒட்டிக் கிழியும். பழைய மிஷினுக்கு அந்த வேர்வை பழக்கம். புது மிஷின்களின் பக்கங்களில் எடை, வேகம், மின்சாரம் எல்லாம் இருந்தன. வேர்வையைப் பற்றி ஒரு வரி இல்லை.

சாமான் வாங்குகிறவர்கள் ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்ளும் இணையப் பக்கம் ஒன்று உண்டு. யாரும் சொந்தப் பெயரில் வருவதில்லை. மேடம் அதில் ‘அப்புறம்’ என்ற பெயரில் நுழைந்து கேட்டார்: “வேர்க்கிற சோப்பை யாராவது புது மிஷினில் சுற்றியிருக்கிறீர்களா?”

சர்க்கரையை எறும்பு மொய்ப்பது போல விற்பனைக்காரர்கள் மொய்த்தார்கள். “எங்கள் மிஷின் எதையும் சுற்றும்!” ஒருவர் தண்ணீரையே சுற்றித் தருவார் போலிருந்தது. அந்தக் கூட்டத்துக்கு நடுவில் ‘மூணாவது டீ’ என்ற பெயரில் ஒருவர் எழுதினார்.

“அம்மா, நீங்க பார்க்கிற வீடியோவுல சுத்துறது சோப்பே இல்லை. நல்லா உத்துப் பாருங்க, பெயின்ட் அடிச்ச மரக்கட்டை. உங்க சோப்பையே பெட்டியில போட்டு அனுப்புங்க. நிறுத்தாம ஓட்டி, வெட்டு ஒட்டு இல்லாம வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.”

மேடம் உற்றுப் பார்த்தார். மரக்கட்டையேதான். ஒன்றில் ஆணியின் தலைகூடத் தெரிந்தது.

ஒரு பெரிய கம்பெனிக்கும், ஒரு சின்னப் பட்டறைக்கும் சோப்பு அனுப்புவதென்று முடிவாயிற்று. பெட்டி கட்டும் வேலையை நாத்தனார் ஏற்றுக்கொண்டார். முதலில் பெரிய கம்பெனியிலிருந்து வீடியோ வந்தது, பின்னணி இசையோடு. சோப்பு ஒவ்வொன்றும் சட்டை மடித்தாற்போல் சுற்றப்பட்டு வந்தது. வாட்ஸ்அப் குழுவில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. மறுநாள் கையெழுத்து என்றார் முதலாளி.

மேடம் நன்றி சொல்ல ‘மூணாவது டீ’க்கு எழுதினார். நன்றியை வாங்கிக்கொள்ளாமல் அவர் ஒரு கேள்வி கேட்டார்.

“எந்தச் சோப்பு அனுப்பினீங்க? வெட்டின சூட்டோட அனுப்பினதா?”

மேடம் நேரே பேக்கிங் ரூமுக்கு நடந்தார்.

“ஏம்மா, பெட்டியில எந்தச் சோப்பை வெச்சே?”

“எதுக்கு இப்படி மூச்சு வாங்குறீங்க அண்ணி? ஷோகேஸ்ல இருந்ததைத்தான் வெச்சேன். நல்லாக் காய்ஞ்சது, ஒரு கீறல் கிடையாது. துடைச்சு வேற அனுப்பினேன்.”

“துடைச்சியா!”

“பின்னே? வெளியூர் போற சோப்பு. வேர்த்து வழிஞ்சுக்கிட்டா போகும்? நம்ம மானம் என்ன ஆறது?”

மேடம் அங்கேயே ஒரு அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. “உன் மானத்தைக் காப்பாத்தப் போய் உன் வேலைக்கே வேட்டு வெச்சிருப்பியேடி!”

விஷயம் புரிந்ததும் நாத்தனாருக்கு முகம் வெளிறியது. இரண்டு இடத்துக்கும் அனுப்ப வேண்டிய புதுப் பெட்டிகளை அவர் சோப்பு வெட்டுகிற மேஜையிலிருந்தே நிரப்பி, வேர்வை காயாதபடி பிளாஸ்டிக்கில் மூடினார். சோப்பு வேர்த்ததைவிட அவர் அதிகம் வேர்த்தார்.

மேடம் முதலாளியிடம் போய்க் கையெழுத்தைத் தள்ளிப்போடச் சொன்னார். காரணத்தையும் மறைக்கவில்லை. முதலாளி முகம் சுளித்தார், ஆனால் பேனாவை மூடினார்.

இந்த முறை பெரிய கம்பெனியிலிருந்து வீடியோ வரவில்லை, மெயில் வந்தது. அவர்கள் மிஷினுக்குப் பொருந்தும்படி சோப்பை மாற்றிக்கொள்ள முடியுமா என்று மரியாதையாகக் கேட்டிருந்தார்கள். சின்னப் பட்டறையிலிருந்து மங்கலான வீடியோ ஒன்று வந்தது. முதலில் நாலைந்து காகிதம் கிழிந்தது. அதையும் வெட்டாமல் அனுப்பியிருந்தார்கள். யாரோ மிஷினை நிறுத்தி, சோப்பு வருகிற வழியில் காற்று ஊதுகிற குழாய் ஒன்றைப் பொருத்தி, மறுபடி ஓட்டினார்கள். அதன் பிறகு ஒன்றுகூடக் கிழியவில்லை. பின்னணியில் இசைக்குப் பதிலாக யாரோ இருமிக்கொண்டிருந்தார்கள். மேடத்துக்கு அந்த இருமலே பெரிய நம்பிக்கையாக இருந்தது.

“இவங்க வெப்சைட்டே அழுது வடியுதே!” என்றார் முதலாளி.

“வெப்சைட்டுக்குள்ள போயா சோப்பு சுத்தப் போறோம்?”

முதலாளி வீடியோவை இன்னொரு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். “கிழிஞ்சதையும் காட்டுறான் பாருங்க” என்று முனகிவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

மிஷின் வந்தது. ஓடியது. முதல் நாள் உச்சி வெயில் வரை முதலாளி பக்கத்திலேயே நின்று பார்த்துவிட்டு, “கான்ட்ராக்ட்காரனை வர வேண்டாம்னு சொல்லிடுங்க” என்று போனார். பேக்கிங் பெண்கள் கைதட்டவில்லை, வேலையையும் நிறுத்தவில்லை. ஒருத்தி மட்டும் மேடத்தின் தோளை ஒரு தரம் அழுத்திவிட்டுத் தன் இடத்துக்குப் போனாள்.

மேடம் ‘மூணாவது டீ’க்கு எழுதினார்: “மிஷின் ஓடுகிறது. யாருக்கும் வேலை போகவில்லை. நீங்கள் யாரென்று தெரியாமல் எப்படி நன்றி சொல்வது?”

ஒரு போன் எண் வந்தது. கூப்பிட்டார்.

“சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே? உங்க சோப்பு வேர்க்கும்னு சொன்னதுமே எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நான் மஞ்சள் சோப்புல பர்ச்சேஸ் பார்க்கிறவன்.”

மஞ்சள் சோப்பு என்றால் கடைத்தட்டில் இவர்கள் சோப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு விற்பனையைத் தட்டிப் பறிக்கிற போட்டி சோப்பு. பக்கத்தில் நின்ற நாத்தனாருக்குக் காது கூர்மை.

“மஞ்சள் சோப்புக்காரரா? ஐயோ, அவங்களை நான் தினம் காலையில திட்டிட்டுத்தானே மிஷின் போடுவேன்!”

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. “திட்டட்டும் திட்டட்டும். எங்க ஆளுங்களும் உங்களைத் திட்டினவங்கதான்.”

“அப்புறம் ஏன் சார் எங்களுக்கு உதவினீங்க?” என்றார் மேடம்.

“நாங்க வாங்கினப்போ கேட்கறதுக்கு யாரும் கிடைக்கலைம்மா. அந்த மரக்கட்டை வீடியோவை நம்பி வாங்கினோம். இப்ப எங்க பேக்கிங் ரூம்ல வெறும் அட்டைப்பெட்டிதான் அடுக்கி வெச்சிருக்கு. வேலை பார்த்தவங்க ஆளுக்கொரு பக்கமாப் போயிட்டாங்க. உங்க கேள்வியைப் பார்த்துட்டு சும்மா இருக்க முடியலை.”

மேடம் திரும்பி, ஓடுகிற மிஷினைப் பார்த்தார்.

“பின்னால கேட்குதே, அது மிஷின் சத்தமா?” என்றார் அவர்.

மேடம் மிஷினுக்கு அருகில் போய் போனை நீட்டிப் பிடித்தார். காகிதம் மடிகிற சத்தமும், காற்று ஊதுகிற சத்தமும், அவற்றுக்கு மேலே பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்கிற சத்தமும் போனுக்குள் போயின. நாத்தனார் வழக்கத்தைவிடச் சத்தமாக ஒரு கேலியை எடுத்துவிட்டார், அந்தப் பக்கம் நன்றாகக் கேட்கட்டும் என்று. கை வலித்ததும் மேடம் போனைக் காதுக்குக் கொண்டு வந்தார்.

“கேட்டுச்சா சார்?”

“கேட்டுச்சும்மா” என்றார் அவர். “வெச்சுடாதீங்க. இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே பிடிங்க.”

மேடம் கையை மாற்றிக்கொண்டு, மறுபடி நீட்டினார்.