ராணியக்காவின் குவைத்துச் சோறு

தேற்றாத்தீவில் நான் தங்கியிருக்கும் வீட்டு முற்றத்தில் பாய் விரித்தாயிற்று. ஞாயிறு இரவுகளில் இந்தத் தெருப் பெண்கள் ஆளுக்கொரு வெளிநாட்டுச் சாப்பாடு சமைத்துவந்து சேர்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்து வீட்டு மலர் யூடியூப் பார்த்துக் கொரிய நூடில்ஸ் செய்திருக்கிறாள். வீட்டுக்காரி ராணியக்கா குவைத்தில் வீட்டு வேலை பார்த்தவர். வாவி இறாலும் காய்ந்த எலுமிச்சையும் போட்டு அந்த ஊர்ச் சோறு ஆக்கியிருக்கிறார்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டு நின்றுகொண்டே இருக்கிறார்.

"நீங்களும் இருங்கக்கா," என்கிறேன்.

"அங்க இத எத்தின தரம் ஆக்கியிருப்பன்! ஒருநாளும் அவங்களோட இருந்து சாப்பிடல்ல. குசினிக்குள்ள, அடுப்படியில நிண்டுதான் சாப்பாடு. அதே பழகிற்று."

"இது உங்கட வீடுக்கா, இருங்க!" என்று மலர் அகப்பையைப் பறிக்கிறாள்.

ராணியக்கா சிரித்துக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து, பெரிய இறாலாகப் பார்த்துத் தன் தட்டில் எடுத்துப் போட்டுக்கொள்கிறார்.